பல் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்; பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

“பல்லே முளைக்கலை, அதுக்குள்ள கையில இட்லியைக் குடுக்கிறியே... தொண்டையில சிக்கிக்கிட்டா?”

ஆறு, ஏழு மாதக் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழும். கேட்பவர் பெரும்பாலும் பாட்டி. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துக் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. பதில் சொல்ல வேண்டிய அம்மா, விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கப்போவது பாட்டிதான். ஒன்று ஆகிவிட்டால் தனியாகச் சமாளிக்க வேண்டியவரும் அவர்தான். எனவே அவர் பயத்தை ‘பழைய காலத்து ஆள்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பல் இல்லாதது தடையே இல்லை. ஆனால் பயம் நியாயமானது. குழந்தையின் வாயில் பல் இருக்கிறதா என்பதைவிட, அது சாப்பிடும்போது பக்கத்தில் விழித்த கண்ணோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் எந்த உணவைக் கையில் கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் பற்றாக்குறை அந்த ஆளுக்குத்தான்.

ஈறே போதுமா?

போதும். குழந்தைகளுக்கு முதலில் முளைப்பவை முன்பற்கள். அவை கடித்துத் துண்டாக்க மட்டுமே பயன்படும். உணவை அரைப்பது கடைவாய்ப் பற்கள். பால்பல் வரிசையில் அவை முளைக்க ஒரு வயது தாண்டும், பல குழந்தைகளுக்கு ஒன்றரை வயதும் ஆகும். கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்ததும் “இப்ப குடுக்கலாம்” என்று நிம்மதி அடைகிறோமே, மெல்லும் வேலையில் அந்த இரண்டு பல்லுக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை. எட்டு மாதத்தில் நான்கு பல் இருக்கும் குழந்தையும், ஒரு பல்கூட இல்லாத குழந்தையும் ஒரே மாதிரிதான் சாப்பிடுகின்றன: நாக்கால் உணவை ஓரத்துக்குத் தள்ளி, ஈறால் நசுக்கி. பால் குடிக்கும்போது விரலை உள்ளே விட்டவர்களுக்கு அந்த ஈறின் பலம் தெரியும்!

பல் முளைக்கும் காலமும் குழந்தைக்குக் குழந்தை மாறும். சிலருக்கு நான்கு மாதத்திலேயே வரும். பலருக்கு ஆறு மாதத்தை ஒட்டி. முதல் பிறந்த நாளைப் பொக்கை வாயோடு கொண்டாடும் குழந்தைகளும் உண்டு. ஒன்றரை வயதாகியும் ஒன்றுமே வரவில்லை என்றால் பல் மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும், எடுத்ததை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததையெல்லாம் நாக்கால் வெளியே தள்ளுகிற பழக்கம் குறைந்திருக்க வேண்டும். இவை இருந்தால் வாய் தயார்.

தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்?

“எதுக்கு ரிஸ்க்? ஒரு வயசு வரைக்கும் நல்லா அரைச்சே குடுத்துடலாம்” என்பது பாதுகாப்பான வழியாகத் தோன்றும். ஆனால் மெல்லுவது பழகிக் கற்கும் வேலை. நடக்கக் கற்பதைப் போல அதற்கும் ஒரு பருவம் உண்டு. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பார்த்த குழந்தைகளிடம் சாப்பாட்டுச் சிக்கல்கள் அதிகம் இருந்தன. ஏழு வயதில் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இட்லியை மிக்ஸியில் அடித்து ஊட்டும் வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு நஷ்டம் ரத்தத்தில் தெரியும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தில் தீர ஆரம்பிக்கிறது; தாய்ப்பாலில் உள்ளது அதற்கு மேல் போதாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊட்டச்சத்துத் திட்டங்களில் முன்னோடி என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தின் எண் இது. பருப்புத் தண்ணியையும் ரசம் சோற்றுக் கரைசலையும் ஊட்டிக்கொண்டிருந்தால் வயிறு நிறையும், இரும்பு சேராது. முட்டை, மீன், ஈரல், கடைந்த கீரை, கெட்டியான பருப்பு என்று ஏதாவது ஒரு உருவத்தில் உணவு உள்ளே போக வேண்டும்.

எதைக் கையில் கொடுப்பது?

ஒரே ஒரு பரிசோதனை போதும். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். சிரமம் இல்லாமல் நசுங்கினால் ஈறுக்கும் நசுங்கும். நசுங்காமல் நழுவினாலோ, ‘டக்’கென்று உடைந்தாலோ வேண்டாம்.

அடுத்தது வடிவம். ஆறு, ஏழு மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையால்தான் இறுக்கிப் பிடிக்கும். சின்னத் துண்டு கொடுத்தால் கைக்குள்ளேயே மறைந்துவிடும், குழந்தைக்கு எரிச்சல்தான் வரும். எனவே பெரியவர்களின் விரல் நீளத்துக்கு, விரல் கனத்துக்கு வெட்டிக் கொடுங்கள். மூடிய கைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது மாதத்தை ஒட்டி, தரையில் கிடக்கும் முடியைக்கூட இரண்டு விரலால் பொறுக்க ஆரம்பிக்குமே, அப்போது பட்டாணி அளவுத் துண்டுகளுக்கு மாறலாம். சின்னதாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்து ஆறு மாதத்தில் பொடித் துண்டும் எட்டு மாதத்தில் பெரிய துண்டும் கொடுப்பவர்கள் நிறையப் பேர். முறை அதற்கு நேர்மாறு.

இதற்காகக் கடையில் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்து லைன் வீட்டில், ஒற்றை அடுப்பில் சமைப்பவருக்கும் இட்லிப் பானை இருக்கும். மேல் தட்டில் இட்லி, கீழ்த் தட்டில் விரல் நீளத்துக்கு நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கோ பரங்கிக்காயோ கேரட்டோ. இட்லி வெந்ததும் எடுத்துவிட்டு, காய் நசுங்கும் பதம் வரும்வரை இன்னும் கொஞ்ச நேரம் ஆவியில் விட்டால் வேலை முடிந்தது. நேந்திரம் பழத்தையும் அப்படியே அவிக்கலாம். சாதாரண வாழைப்பழம் வழுக்கும். தோலை உரித்து நுனியில் விரலால் மெதுவாக அழுத்தினால் அதுவே நீளவாக்கில் மூன்றாகப் பிரியும், அந்தத் துண்டு பிடிக்கத் தோதான அளவு. பப்பாளி, மாம்பழமும் வழுக்குபவைதான். வறுத்த கேழ்வரகு மாவை மேலே லேசாக ஒற்றிக் கொடுத்தால் பிடி கிடைக்கும்.

இட்லியில் ஒரு எச்சரிக்கை. சூடு ஆறிக் காய்ந்த இட்லி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பஞ்சு போன்ற புது இட்லியை நீளமாக வெட்டி, பருப்புத் தண்ணியிலோ காரமில்லாத ரசத்திலோ தோய்த்துக் கொடுங்கள். தோசை என்றால் கனமான ஊத்தப்பம், நடுப்பகுதி மட்டும். முறுகல் ஓரம் பெரியவர்களுக்கு. இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் நனைத்துவிட்டால் குழந்தைகள் இழை இழையாக இழுத்துச் சாப்பிடும், வேடிக்கையாக இருக்கும். முட்டையை நன்றாக வேகவைக்க வேண்டும். ஆனால் அவித்த மஞ்சள் கரு மாவு மாதிரி தொண்டையில் அடைக்கும். மெல்லிய ஆம்லெட்டை நீளத் துண்டுகளாக்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. மீன் நல்லது, முள்ளைக் கண்ணால் பார்த்து எடுத்தால் போதாது, விரலால் உதிர்த்துத் தடவிப் பாருங்கள். கறிக்கடையில் சுவரொட்டி, ஈரல் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறை வேகவைத்து மசித்து, சோற்றோடு சின்ன உருண்டையாக நசுக்கித் தட்டையாக்கிக் கொடுக்கலாம். ‘ரத்தம் ஊறும்’ என்று பாட்டி சொல்வது இந்த விஷயத்தில் சரியே.

பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தோ பிஹாரிலிருந்தோ வந்த குடும்பம் இருக்கலாம். அவர்கள் கிச்சடியைக் கெட்டியாக வைத்து உருட்டினாலும், உருளைக்கிழங்கை அவித்துப் பிட்டுக் கொடுத்தாலும் அதே விதிதான்: நசுங்க வேண்டும். சப்பாத்தி மட்டும் கவனம். மெல்ல மெல்லப் பசையாகிக் கட்டிவிடும். பருப்பில் ஊறவைத்த சப்பாத்தி பரவாயில்லை.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. தேன் கண்டிப்பாகக் கூடாது. குழந்தைக் குடலில் ‘பாட்டுலிசம்’ என்ற நச்சு நோயை உண்டாக்கக்கூடிய கிருமி வித்துகள் அதில் இருக்கலாம், நாக்கில் தடவும் சடங்குக்கும் இது பொருந்தும்.

வேண்டவே வேண்டாம் என்பவை நம் வீட்டில் எப்போதும் திறந்த டப்பாவில் இருப்பவை: முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மிக்ஸர், முறுக்கு, பாப்கார்ன், மிட்டாய். பச்சை கேரட்டும் பச்சை ஆப்பிளும்கூட இந்தப் பட்டியலில்தான். முழு திராட்சை ரொம்ப ஆபத்து. அதன் உருண்டை வடிவம் மூச்சுக்குழலை மூடிபோட்ட மாதிரி அடைத்துவிடும். வயது கூடிய பிறகும் நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும். நுங்கும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் ரகம். வேர்க்கடலையை நைஸாக அரைத்துத் தண்ணீராகக் கரைத்துக் கஞ்சியில் சேர்த்தால் நல்ல உணவு. கடலையாகக் கொடுத்தால் ஆபத்து. முட்டை, கடலை, மீன் போன்றவற்றை முதல் தடவை கொடுக்கும்போது கொஞ்சமாக, பகல் நேரத்தில், ஒன்றொன்றாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கடுமையான தோல் அரிப்பு உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், பிஸ்கட். டீயில் நனைத்த பிஸ்கட், பாலில் ஊறிய வர்க்கி. பல் இல்லாத குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று நம் எல்லோர் மனத்திலும் பதிந்த உணவு இதுதான். வாயில் வைத்ததும் கரைகிறது, அழுகை நிற்கிறது. கரைந்துவிடுவதால் மெல்லவும் கற்பதில்லை. சர்க்கரையும் மைதாவும் உள்ளே போகின்றன. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பிட்ட இரும்புச் சத்தும் உடலில் சேராமல் தடுக்கிறது. டப்பாக் குழந்தை உணவு அதைவிட மேல் என்று நினைப்பவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற ஸ்விட்சர்லாந்து அமைப்பு, இந்தியாவில் விற்ற செரிலாக் வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாகச் சொன்னது பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் சந்தைக்கு வந்தன. எது வாங்கினாலும் அது கூழ்தான். ஸ்பூன் உணவுக்கு உதவலாம், மெல்லப் பழக உதவாது.

உமட்டலா, அடைப்பா?

கையில் உணவு கொடுக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் குழந்தை இரண்டு மூன்று முறையாவது ‘ஓ’வென்று உமட்டும். கண்ணில் நீர் வரும், நாக்கு வெளியே தள்ளும், முகம் சிவக்கும், துண்டு வெளியே விழும். பார்ப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் இது உடலே செய்துகொள்ளும் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு இந்த உமட்டல் நாக்கின் பின்பகுதியில் தூண்டப்படுகிறது, குழந்தைகளுக்கு முன்னாலேயே. சத்தம் வரும்வரை, இருமும்வரை குழந்தையைத் தொடாதீர்கள். விரலை விட்டுத் துழாவினால், வெளியே வர இருந்த துண்டு உள்ளே போய்விடும்.

அடைப்புக்கு அடையாளம் அமைதி. இருமல் வராது, அழுகை வராது, வாய் திறந்திருக்கும், உதடு நீலம் பாரிக்கும். அந்தக் கணம் குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள், தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும், தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, பலமாக. வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, மார்பு எலும்பின் மேல் நடுவில் 5 அழுத்து. துண்டு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, வாழைப்பழத்தை விழுங்கச் சொல்வது எல்லாம் வேண்டாம்.

நியூசிலாந்தில் சுமார் 200 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. எந்த உணவு ஆபத்து என்று சொல்லிக்கொடுத்த பிறகு கையில் உணவு கொடுத்த வீடுகளிலும், ஸ்பூனில் ஊட்டிய வீடுகளிலும் தொண்டை அடைப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒருமுறையாவது அடைத்திருந்தது, இரண்டு தரப்பிலும். அதாவது கூழ் ஊட்டினால் பயமே இல்லை என்பதும் உண்மையில்லை. அந்தக் குழந்தைகளின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார்.

பக்கத்தில் உட்காரப்போவது யார்?

இனி சட்டத்துக்கு வருவோம். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். 26 வாரம் என்றால் ஆறு மாதம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவு என்று மருத்துவம் சொல்கிறது. பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துவது போலத் தெரியும். யோசித்தால் இதைவிட மோசமான பொருத்தம் இல்லை. குழந்தை முதல் துண்டை வாயில் வைக்கும் அதே வாரத்தில் அம்மாவை வேலைக்குக் கூப்பிடுகிறோம். இதுவும் முழு 26 வாரத்தையும் பிரசவத்துக்குப் பிறகே எடுக்க முடிந்தவருக்கு. நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண் எட்டாம் மாதத்திலும் லைனில் நிற்க முடியுமா? பிரசவத்துக்கு முன் 8 வாரம் எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாளில் அவர் திரும்ப ‘பஞ்ச்’ செய்ய வேண்டும். மூன்றாவது குழந்தை என்றால் மொத்தமே 12 வாரம். தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு தருகிறது. சரியான முடிவுதான். ஆசிரியையின் குழந்தைக்கு வேண்டியது அசெம்ப்ளி லைன் பெண்ணின் குழந்தைக்கு மட்டும் வேண்டாமா?

நான்கு மாதத்தில் வேலைக்குப் போக நேர்ந்தால் பலர் செய்வது, “பால் இல்லையே” என்று அப்போதே கஞ்சியை ஆரம்பிப்பது. தயவுசெய்து வேண்டாம். உட்காரக்கூடத் தெரியாத குழந்தை அது. தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சி, சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் தகர ஷீட் அறையின் வெப்பத்துக்கு அவ்வளவு நேரமும் நம்ப முடியாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் நான்கு நாள்வரை வைக்கலாம்.

50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் காஞ்சிபுரம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரும் பெண், விடியற்காலை நாலரைக்குத் தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவாரா? ஆலை வாசலில் இருக்கும் காப்பகம் ஆடிட்டுக்கு உதவும். குழந்தைக்கு உதவ வேண்டுமானால் அது வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலைக்கு வருபவர்களுக்கோ முதலில் ‘நீ எங்கள் ஆள்தான்’ என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 திருத்தத்தில் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்ற வசதியும் உண்டு. கன்வேயரை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்!

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆறு மாதத்திலிருந்து அங்கே சத்துமாவு கிடைக்கும். வாங்காமல் விடாதீர்கள், நல்ல உணவு. ஆனால் பாக்கெட்டைத்தான் தருவார்கள், குழந்தையைப் பகலில் விட்டுவிட்டு வர முடிவது இரண்டு வயதைத் தாண்டிய பிறகே. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, அதாவது சாப்பிடக் கற்கும் காலம் முழுக்க, நடுவில் ஒரு பள்ளம். மத்திய அரசின் ‘பால்னா’ காப்பகத் திட்டம் ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும். அதன் நேரம் ஒரு நாளைக்கு ஏழரை மணி. ஷிஃப்ட் எட்டு மணி நேரம், பஸ் போக ஒரு மணி, வர ஒரு மணி. கூட்டிப் பாருங்கள். சிப்காட்டும் சில தொழிற்பூங்காக்களில் காப்பகம் அமைத்திருக்கிறது. அவற்றின் கதவு திறக்கும் நேரம் ஆபீஸ் நேரத்துக்கு ஏற்பவா, ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்பவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தப் பகுதி எந்தத் தொழிலாளியை மனத்தில் வைத்துக் கட்டப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பிரம்மாண்ட விடுதி திறக்கப்பட்டது. தேவையான ஒன்று, மறுப்பதற்கில்லை. அதே ஆண்டு ஜூனில்தான், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பணிக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தனியாக வரும் பெண்ணுக்குக் கட்டிலும் மெஸ்ஸும் கணக்குப் போட்டுக் கட்ட முடிகிற நமக்கு, அதே பெண் நான்கு வருடம் கழித்து அம்மாவாகும்போது குழந்தை எங்கே உட்கார்ந்து சாப்பிடும் என்று கணக்குப் போட வரவில்லை. அதனால்தான் பல குழந்தைகள் திருவண்ணாமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ பாட்டி வீட்டில் வளர்கின்றன. அம்மா பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார்.

ஷிஃப்ட்டைப் பார்த்து உணவை வையுங்கள்

விதிகள் மாறும்வரை குழந்தை காத்திருக்காது. எனவே வழக்கமான அட்டவணைகளை விட்டுவிட்டு, வீட்டில் யார் எப்போது விழித்திருக்கிறார்கள் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். ஆறு முதல் எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை உணவு போதும், தாய்ப்பால் தொடரும். அந்த மூன்றும் கையில் பிடிக்கும் உணவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வேளை போதும்.

காலை ஷிஃப்ட் என்றால் அந்த ஒரு வேளை, மதியம் திரும்பி வந்து குளித்துக் கை கழுவிய பிறகு. பாட்டியின் பொறுப்பில் இருக்கும் வேளைகளுக்குக் கெட்டியாக மசித்த சோறு பருப்பு, நசுக்கிய வாழைப்பழம், சத்துமாவுக் களி. ஸ்பூனைச் சாய்த்தாலும் ஒழுகாத பதம் இருக்கட்டும். வாரத்துக்கு வாரம் மிக்ஸியிலிருந்து மத்துக்கும் மத்திலிருந்து விரல் நசுக்கலுக்கும் நகருங்கள். விடியற்காலையில் சமைத்து மூடி வைத்த உணவை மதியம் ஊட்டச் சொல்லாதீர்கள், சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் குழந்தைக்கு அது வயிற்றுப்போக்கு. மாவை வைத்துவிட்டுப் போனால் பாட்டி அப்போதைக்கு ஓர் இட்லி ஊற்றிக்கொள்வார். பழமும் அப்போது உரிப்பதுதான்.

இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அம்மாவுக்குத் தனியாக ஒன்று. வந்ததும் குழந்தை கையில் கேரட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாயாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் இல்லாதவருக்குச் சமம்தான். பால் கொடுங்கள், தூங்குங்கள், எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பாவின் ஷிஃப்ட் வேறு என்றால் அந்த ஒரு வேளையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். “ஊட்டத் தெரியாது” என்று சொல்ல இதில் வழி இல்லை, ஊட்ட வேண்டியதே இல்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உட்காரும் முறையும் முக்கியம். காலை நீட்டி அதில் படுக்கப்போட்டு ஊட்டும் பழக்கம் கையில் பிடிக்கும் உணவுக்கு ஆகவே ஆகாது. தரையில் பாய் விரித்து, சுவரோரம் தலையணை அண்டை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், அல்லது மடியில். தவழும்போது, பைக்கில், போனில் பாட்டு ஓடும்போது வேண்டாம். வாயில் நாம் திணிக்கக் கூடாது. எடுப்பது, வைப்பது, துப்புவது எல்லாம் அதன் வேலை. பாதி பாய்க்குப் போகும். போகட்டும்.

காப்பகத்தில் விடுபவர்கள், சேர்க்கும் முன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு ஆயா எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், பாலும் பிஸ்கட்டும் தவிர வேறு என்ன தருகிறார்கள், தொண்டையில் அடைத்தால் என்ன செய்வார்கள் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் உங்கள் குழந்தைக்கு அங்கே மசித்த உணவு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாட்டியிடம் விடுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதல் துண்டை அன்று மதியம் கொடுங்கள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். சர்க்கரைவள்ளியை அவர் கையிலேயே கொடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்து, குப்புறப் போட்டு ஐந்து தட்டு தட்டவும் பழக்கிவிடுங்கள். திங்கட்கிழமை காலை நீங்கள் பஸ் ஏறும்போது, 108 நம்பர் பாட்டியின் பட்டன் போனில் முதல் நம்பராக இருக்கட்டும்.